முதல் ஸ்கானில் தெரியாத இரத்தக் கட்டி

கேள்வி: எனது தங்கைக்கு 27 வயது. முதல் பிள்ளை சிசேரியனில் கிடைத்தது. முதுகில் ஊசி போட்டுத்தான் ஒப்பரேஷன் செய்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து எழுந்து இருந்தால் தலையிடி, படுத்தால் சுகம். முதுகு ஊசியால் வருவதுதான், தானாகப் போய்விடும் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு படுத்தாலும் இடி நிற்கவில்லை. விடியப்புறத்தில் கூடியது, சத்தியும் வந்தது. திரும்பக் கொண்டுபோனோம். சி.ரி. ஸ்கான் எடுத்து, ஒன்றுமில்லை என்று குளிசை தந்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து வலது கை இழுத்து வலிப்பு வந்தது. வேறு ஊர் வைத்தியசாலைக்கு மாற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் மூளை நாளத்தில் இரத்தக் கட்டி என்று தெரிந்தது. இப்போது ஊசி முடிந்து வார்ஃபரின் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். முதல் ஸ்கானில் ஏன் தெரியவில்லை, அது பிழையா? சின்ன இரத்தக் கசிவும் இருக்கிறதாம். அப்படியிருக்க இரத்தத்தை இளக்கும் மருந்து கொடுக்கலாமா? இடது பக்க நாளம் மெல்லியது என்றும் எழுதியிருக்கிறது, அதுவும் கட்டியா? சில மாதத்தில் திரும்ப ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள், அவசியமா? ஸ்கானுக்கு மருந்து ஏற்றியதால் அம்மா தாய்ப்பால் கொடுக்க விடவில்லை, பால்மாதான் கொடுக்கிறோம். (வாசகி, நிலாவெளி, திருகோணமலை)

பதில்: கதிரியல் வைத்திய நிபுணர்

அன்புள்ள சகோதரி,

கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்றைக்கே நடக்க வேண்டியது. பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றும் கடோலினியம் மருந்தில் தாய்ப்பாலுக்குள் வருவது ஏற்றிய அளவில் 0.04 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பிள்ளையின் குடல் உறிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சி.ரி.க்கு ஏற்றும் அயடீன் மருந்தும் அப்படித்தான், பாலில் மிகச் சொற்பமே சேரும். பாலைப் பிழிந்து ஊற்ற வேண்டிய தேவை அன்றைக்கும் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. வார்ஃபரின் குடிக்கும் தாய் பால் கொடுப்பதற்கும் தடையில்லை. வலிப்புக்கு ஏதாவது குளிசை தந்திருந்தால் அதன் பெயரைக் காட்டி கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றோடு பால் கொடுக்கலாம். பால் குறைந்து போயிருந்தால் பிள்ளையை அடிக்கடி மார்பில் போட்டால் திரும்பச் சுரக்கும். உங்கள் பகுதி மிட்வைஃபைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருந்து உதவுவார். அம்மா பிள்ளையின் நன்மைக்காகத்தான் தடுத்தார், அவரோடு கோபிக்க வேண்டாம்.

சரி, இனி ஸ்கானுக்கு வருவோம்.

மூளைக்கு இரத்தம் கொண்டுவருவது நாடிகள், திருப்பி இதயத்துக்கு எடுத்துச் செல்வது நாளங்கள். பக்கவாதம் என்று நாம் சாதாரணமாகக் கேள்விப்படுவது நாடி அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் வருவது. உங்கள் தங்கைக்கு அடைபட்டது திரும்பிப் போகும் வழி. உச்சந்தலையின் நடுக்கோட்டில், மண்டையோட்டின் உட்பக்கத்தை ஒட்டி, முன்னிருந்து பின்னுக்கு ஒரு பெரிய நாளக் குழாய் ஓடுகிறது. பிடரிக்குப் பக்கத்தில் அது வலம் இடமாகப் பிரிந்து, காதுகளுக்குப் பின்னால் வளைந்து கழுத்துக்குள் இறங்கும். ரிப்போட்டில் ‘சைனஸ்’ என்று வருவது இந்தக் குழாய்களைத்தான், மூக்கடைப்புச் சைனஸை அல்ல. தம்பலகாமத்து வயல்களில் வடிச்சல் வாய்க்கால் அடைபட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: தண்ணீர் வரத்து நிற்காது, போக வழியில்லாமல் வரம்புக்குள் தேங்கும். மூளையிலும் அதேதான். இரத்தம் தேங்கி அழுத்தம் கூடும். தலையிடியும் சத்தியும் வரும். கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பு வீங்கிப் பார்வை மங்கலாம். தேங்கிய இடத்தில் மூளை வீங்கி, சிறு நாளங்கள் கசிந்தால் வலிப்பு, கை கால் பலவீனம். 2004இல் வெளியான, 21 நாடுகளைச் சேர்ந்த 624 நோயாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், நூற்றுக்கு 89 பேர் அளவில் தலையிடி இருந்தது. 39 பேருக்கு வலிப்பு வந்திருந்தது. உங்கள் தங்கையின் கதை இந்த நோயின் கதையேதான்.

முதல் சி.ரி.யில் ஏன் தெரியவில்லை? நீங்கள் ரிப்போட்டைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே, வாசித்த வைத்தியர் பிழை விட்டாரா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பொதுவாக உண்மை என்னவென்றால், மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதாரண சி.ரி.யில் இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அளவிலேயே ஏதாவது மாற்றம் தெரியும். மற்றவர்களுக்குப் படம் நேர்த்தியாகவே இருக்கும். இது யாரும் கண் மூடிக்கொண்டு வாசித்ததால் அல்ல. அந்தப் பரிசோதனையின் எல்லை அவ்வளவுதான்.

தெரிகிற சிலரிலும் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். புதிதாகக் கட்டிபட்ட இரத்தம், ஓடும் இரத்தத்தைவிடச் செறிவானது, சி.ரி.யில் கொஞ்சம் வெள்ளையாக விழும். ஓடும் இரத்தம் சி.ரி.யின் செறிவு அளவுகோலில் 50, 60 என்று காட்டும் இடத்தில் கட்டி 70க்கு மேலே போகும். பிடரிப் பக்கம் குறுக்குவெட்டாகப் பார்த்தால் ஒரு சிறு வெள்ளை முக்கோணம். ஆனால் அது ஒட்டிக்கொண்டிருப்பது எதோடு என்று பாருங்கள்: படத்திலேயே மிக வெள்ளையான மண்டையோட்டு எலும்போடு. சாதாரண வெளிச்ச அளவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். நாங்கள் படத்தின் வெளிச்ச எல்லையை விரித்து, எலும்பையும் குழாயையும் பிரித்து, அதே படங்களைப் பக்கவாட்டிலும் நேர்முகமாகவும் வெட்டிப் பார்ப்போம். அப்படியும் குழப்பம் தீராது. உடம்பில் தண்ணீர் வற்றியவர்களுக்கு எல்லா நாளங்களும் நாடிகளும் சேர்ந்தே வெள்ளையாகத் தெரியும், கட்டி இருக்காது. பிரசவத்துக்குப் பிறகு இரத்தச்சோகை உள்ளவர்களுக்கோ இரத்தம் மங்கலாகத் தெரியும். அதனால் ஒரு குழாயைத் தனியே பார்த்து முடிவு சொல்வதில்லை. பக்கத்து நாடியோடு ஒப்பிட்டுத்தான் சொல்வோம்.

கேள்வி பிழையாக இருந்தால் ஸ்கான் சரியான பதில் தராது. நான் இந்தக் கடிதத்தில் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஸ்கான் கேட்டு வார்டிலிருந்து எங்களுக்கு ஒரு தாள் வரும். அதில் ‘தலையிடி’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், மூளைக்குள் இரத்தக் கசிவோ கழலையோ உண்டா என்று பார்க்கும் சாதாரண சி.ரி. நடக்கும். அதே தாளில் ‘சிசேரியன் ஆகி இரண்டாவது கிழமை, முதலில் எழுந்தால் மட்டும் இடித்தது, இப்போது படுத்தாலும் இடிக்கிறது, விடியப்புறம் கூடுகிறது, நாளத்தில் கட்டியா?’ என்று இருந்தால் நாங்கள் செய்வது வேறு. அதே இயந்திரத்தில், அதே மேசையில், கை நாளத்தில் அயடீன் மருந்தை ஏற்றி, அது நாடிகளைக் கடந்து நாளங்களுக்கு வந்து சேரும் அந்த முக்கால் நிமிட அளவில் படத்தைப் பிடிப்போம். இதுதான் சி.ரி. வெனோகிராம். ஓடும் குழாய்கள் வெள்ளையாக நிரம்பும். கட்டி இருக்கும் இடம் நிரம்பாமல் கறுப்பாக நிற்கும், சுற்றுச்சுவர் மட்டும் வெள்ளையாக. பெரிய குழாய்களில் இது எம்.ஆர்.ஐ.க்கு ஏறக்குறைய இணையான நம்பிக்கையைத் தரும். மேலதிகமாகச் சில நிமிடங்களே ஆகும்.

மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் நோயாளரைக் கூட்டிக்கொண்டு அலையும் குடும்பங்களுக்கு இது முக்கியம். எம்.ஆர்.ஐ. இல்லாத இடத்தில் நாளக் கட்டியைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். சி.ரி. இயந்திரமும் மருந்து ஏற்றும் வசதியும் இருந்தால் முதல் விடை அங்கேயே கிடைக்கலாம். உங்கள் தங்கையின் விடயத்தில் தவறியது என்று நான் நினைப்பது இந்தப் படியைத்தான். முதுகு ஊசித் தலையிடியின் அடையாளமே எழுந்தால் இடிப்பதும் படுத்தால் தணிவதும். அந்தக் குணம் மாறி, படுத்தாலும் நிற்காமல் போன அன்றைக்கே வெனோகிராம் கேட்டிருக்க வேண்டும். இதை யாரையும் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. அடுத்த தாய் ஒருவர் இதே தலையிடியோடு வரும்போது, அவரோடு வருபவர் ‘குணம் மாறிவிட்டது டொக்டர்’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ.யில் இன்னும் நிறையத் தெரியும், ஆனால் அதிலும் பொறிகள் உண்டு. முதல் ஐந்து நாட்களில் கட்டி, ஒருவகைப் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஓடும் இரத்தமும் அதே படத்தில் கறுப்பு! இரண்டாவது கிழமையில் அதே கட்டி பளிச்சென்று வெள்ளையாகிவிடும். உங்கள் தங்கை எம்.ஆர்.ஐ.க்குப் போனது ஏறக்குறைய அந்தக் கட்டத்தில், கண்டுபிடிக்கச் சுலபமான காலம். இரத்தத்தின் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு வகைப் படம் இருக்கிறது. மூளையின் மேற்பரப்பில் ஓடும் சின்ன நாளம் ஒன்று மட்டும் அடைபட்டிருந்தால் பல வேளைகளில் அதைக் காட்டுவது அந்தப் படம் மட்டும்தான். ஆகவே ஒரே ஒரு படத்தை வைத்து ஆம், இல்லை என்று சொல்வதில்லை. ரிப்போட்டில் இத்தனை வகைப் படங்களின் பெயர்கள் வரிசையாக இருப்பது அதனால்தான்.

இடது பக்க நாளம் மெல்லியது என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். பிடரியில் பிரியும் இரண்டு குழாய்களும் சம அளவில் உள்ளவர்கள் குறைவு. பெரும்பாலும் வலது பெரிதாகவும் இடது சிறிதாகவும் இருக்கும். பிறவி அமைப்பு அது. மருந்து ஏற்றாமல் இரத்த ஓட்டத்தை மட்டும் வைத்து எடுக்கும் எம்.ஆர். வெனோகிராமில், ஓட்டம் மெதுவான அந்தச் சின்னக் குழாய் இடையில் அறுந்ததுபோலத் தெரியும். கட்டியே இல்லாத ஆரோக்கியமானவர்களிலும் அப்படி விழும். இதைக் கட்டி என்று வாசித்து, தேவையில்லாமல் மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிடக் கூடாது. நாங்கள் தீர்மானிக்கும் ஒரு வழியைச் சொல்கிறேன். காதுக்குப் பின்னால் இந்தக் குழாய் எலும்பில் ஒரு பள்ளத்தில்தான் படுத்திருக்கும். குழாய் பிறவியிலேயே சின்னது என்றால் எலும்புப் பள்ளமும் சின்னதாக இருக்கும், அதை சி.ரி.யில் நன்றாக அளக்கலாம். பள்ளம் அகலமாக இருந்து உள்ளே ஓட்டம் இல்லையென்றால் சந்தேகிக்க வேண்டும். உங்கள் தங்கையின் ரிப்போட்டில் கட்டி என்று எழுதியிருப்பது உச்சியில் ஓடும் குழாயையும், அதில் வந்து சேரும் இடது பக்க மேற்பரப்பு நாளம் ஒன்றையும்தான். வலது கை இழுத்ததற்கு அந்த இடம் சரியாகப் பொருந்துகிறது. பிடரியின் இடது குழாய்க்குள் கட்டிக்குரிய சமிக்ஞை இல்லை என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கவனமாக எழுதப்பட்ட ரிப்போட் அது.

இரத்தக் கசிவு இருக்கும்போது இரத்தத்தை இளக்கும் மருந்தா என்ற கேள்வியை அநேகமாக எல்லாக் குடும்பங்களும் கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். நாடி வெடித்து வரும் கசிவு என்றால் அந்த மருந்து ஆபத்து. இங்கே கசிந்தது வேறு காரணத்தால்: வெளியேறும் வழி அடைபட்டதால் பின்னாலுள்ள அழுத்தம் தாங்காமல் சிறு நாளங்கள் கசிந்தன. வழி திறந்தால்தான் அழுத்தம் இறங்கும். மருந்து கட்டியைக் கரைப்பதில்லை; அது மேலும் வளராமல் பிடித்து வைக்க, உடம்பே மெல்ல மெல்லக் கரைக்கும். ஜெர்மனியில் 20 நோயாளர்களைக் கொண்டு நடந்த ஒரு பரிசோதனை 1991இல் வெளியானது. இரத்தத்தை இளக்கும் ஹெப்பாரின் மருந்தைப் பெற்ற 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, 8 பேர் முழுமையாகத் தேறினார்கள். பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள், ஒருவர் மட்டுமே முழுதாகத் தேறினார். சின்னப் பரிசோதனைதான், ஆனால் அதில் ஏற்கெனவே கசிவு இருந்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். இன்றைக்கு உலகெங்கும் வழிகாட்டல்கள் சொல்வதும் இதைத்தான்: நாளக் கட்டியால் வந்த கசிவு ஹெப்பாரினுக்குத் தடையல்ல. உங்கள் தங்கைக்கு ஊசி போட்டு, பிறகு வார்ஃபரினுக்கு மாற்றியது முறையான சிகிச்சை.

வார்ஃபரினில் கவனிக்க வேண்டியதை கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். இரத்தம் பார்க்கும் நாளைத் தவற விடாதீர்கள். முருங்கை இலை, வல்லாரை போன்ற கீரைகளை நிறுத்தத் தேவையில்லை, கிழமைக்குக் கிழமை ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். நாட்டு மருந்து, கசாயம், வலிக்குக் கடையில் வாங்கும் குளிசை எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வார்ஃபரின் குடிக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதி. ஆனால் அதற்காக ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசையைத் தொடவே கூடாது, அது கட்டியைத் தூண்டும். வேறு முறை பற்றி எம்.ஓ.எச். கிளினிக்கில் கேளுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

இதோடு இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் பக்க வீடுகளில் நடப்பது எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று அளந்து அளந்து கொடுப்பார்கள். பத்தியக் கறி கொடுங்கள், நன்றாகக் கொடுங்கள்; தண்ணீரை மட்டும் மறிக்காதீர்கள். பிரசவத்தின்போது இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதற்காக உடம்பே இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டி வைக்கிறது. அது இறங்கப் பல கிழமைகள் ஆகும். நிலாவெளி வெயிலில், கதவைச் சாத்திய அறைக்குள் வேர்த்துக்கொண்டு, பாலும் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்குத் தண்ணீரையும் குறைத்தால் இரத்தம் இன்னும் தடிக்கும். உங்கள் தங்கைக்குக் கட்டி வந்தது அதனால்தான் என்று நான் சொல்லவில்லை. பரம்பரையாக இரத்தம் உறையும் குறைபாடு ஏதும் உண்டா என்று பார்க்கும் பரிசோதனைகளை அவரது வைத்தியர் தகுந்த நேரத்தில் செய்வார். கர்ப்பகாலமும் இளக்கும் மருந்துகளும் சில முடிவுகளை மாற்றிக் காட்டும் என்பதால் உடனே செய்யாமல் இருந்திருக்கலாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசவமாகி ஆறு கிழமைக்குள், நாளுக்கு நாள் கூடும் தலையிடி, இருமினால் குனிந்தால் கூடும் இடி, பார்வை மங்கல், சத்தி என்று வந்தால் காத்திருக்க வேண்டாம். வலிப்பு வந்தால், ஒரு கை கால் இழுத்தால், மயங்கினால் உடனே 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இரத்த அழுத்தம் ஏறி வரும் பிரசவ வலிப்பும் இந்தக் காலத்தில் வரும். ஆகவே வைத்தியசாலையில் முதலில் பிரஷர் பார்ப்பார்கள், அதுவே சரியான வரிசை. டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை நோர்மல் என்றாலும் நாளக் கட்டி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, அதுவும் பிரசவத்துக்குப் பிறகு அது இயல்பாகவே கூடியிருக்கும். சந்தேகம் இருந்தால் படம்தான் எடுக்க வேண்டும்.

திரும்ப எடுக்கச் சொன்ன ஸ்கானை எடுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை பார்ப்பது வழக்கம். குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால், பின்னொரு நாள் தலையிடி வரும்போது புதுக் கட்டியா பழைய தழும்பா என்று பிரித்துச் சொல்ல அந்தப் படம்தான் அடிப்படை. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. அடிக்கடி ஸ்கான் எடுத்தால் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்வது இதற்குப் பொருந்தாது. குழாய் முழுவதும் திறக்கவில்லை என்று வந்தாலும் மனம் உடைய வேண்டாம். பக்கத்துச் சிறு நாளங்கள் வழி ஏற்படுத்திக்கொள்ளும். படத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்பவர்கள் பலர். மருந்தை எத்தனை மாதம் தொடர்வது என்பதைப் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. ஏன் வந்தது என்பதைப் பொறுத்துப் பெரும்பாலும் மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரை. நான் மேலே சொன்ன 2004 ஆய்வில், ஏறக்குறைய 79 சதவீதமானோர் நன்றாகத் தேறியிருந்தார்கள். இன்னொரு பிள்ளைக்கும் வழி மூடவில்லை: அடுத்த முறை கர்ப்பம் உறுதியானவுடனே சொன்னால், கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு கிழமையாவதும் தடுப்பு ஊசி போடுவார்கள்.

கண் கிளினிக்கில் தங்கையை ஒருமுறை காட்டினீர்களா? ரிப்போட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அழுத்தம் கூடிக் கிடந்த நாட்களில் கண் நரம்பு வீங்கியிருந்ததா, இப்போது வற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும்; ஸ்கான் அதைக் காட்டாமல் விடலாம், கண் வைத்தியரின் விளக்குக்குத் தெரியும். அடுத்த முறை போகும்போது இரண்டு ஸ்கானின் சி.டி.களையும், முதலில் நோர்மல் என்று வந்ததையும் சேர்த்து, கையோடு கொண்டுபோங்கள். தாள் ரிப்போட் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குப் படம் வேண்டும்.